என் கொள்ளுத்தாத்தா மைசூரில் வாழ்ந்ததற்கான அத்தாட்சி

மைசூர் உத்தியோகமெல்லாம் சென்னைச் சீமைக்காரர்களுக்கே போகிறது என்ற கூச்சல் உச்சத்தில் இருந்த வருஷமாகப் பார்த்து நான் குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டேன். என் ஜாதகம் அப்படித்தான் நேரம் பார்க்கும். எப்.ஏ. பரீட்சையில் இரண்டு தடவை தோற்றவனுக்கு வேறு கதியும் இல்லை.

தலைமைக் குமாஸ்தா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"வீட்டுல என்ன பாஷை?"

"தமிழ்."

"அப்ப எந்த ஊரு?"

"இந்த ஊருதான். அக்ரஹாரம்."

"நேத்து ரயில்ல வந்து இறங்கினவனும் அக்ரஹாரம்னுதான் சொல்றான். உங்க கொள்ளுத்தாத்தா காலத்துலயே இங்க இருந்தீங்கன்னு சர்க்கார் காகிதம் ஒண்ணு கொண்டு வாங்க ரீ. திங்கட்கிழமைக்குள்ள" என்றார், கன்னட மரியாதைக்கு ஒரு 'ரீ'யும் சேர்த்து.

வீட்டில் சொன்னதும் பெரியப்பா சிரித்தார். "காகிதத்துக்கா பஞ்சம்? என் தாத்தா அரண்மனையில வாள் பிடிச்சவர்டா! போய்த் தேடு."

அந்த வாள் பெரியப்பா சொல்லச் சொல்ல நீண்டுகொண்டே வந்தது. நானும் சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அதன் கைப்பிடிக்கு ரத்தினம் பதித்துவிட்டிருந்தேன்.

சர்க்காரின் பழைய காகிதங்கள் இருந்த அறையில் எல்லாம் துணி மூட்டைகள். அங்கிருந்த குமாஸ்தா தும்மிக்கொண்டே மூன்று நாள் எனக்காகப் பிரித்தார். வாள் பிடித்தவர்களில் கொள்ளுத்தாத்தா இல்லை. குடை பிடித்தவர்களிலும் இல்லை. கௌரவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்து யானை குளிப்பாட்டுகிறவர்கள் வரை இறங்கி வந்தோம். அங்கும் இல்லை. சனிக்கிழமை மத்தியானம் அவர் கத்தினார்.

"சிக்கிட்டார் ரீ!"

"வாள் பிடிச்சவரா?"

"இல்ல ரீ. பிடிபட்டவர்."

பெயர், தகப்பன் பெயர், தெரு எல்லாம் பொருந்தின. நியாயக் கச்சேரி வாசலில் நின்றுகொண்டு, கூப்பிட்டவர்களுக்கெல்லாம் பொய்ச்சாட்சி சொன்னதற்காக அவரை ஊர் எல்லைக்கு வெளியே துரத்தும்படி உத்தரவு. என் குடும்பம் மைசூரில் இருந்ததற்கு உலகத்தில் இருந்த ஒரே அத்தாட்சி, மைசூரில் இருக்கக் கூடாது என்ற ஆணை.

நான் வாங்கி வந்த நகலைப் படித்த பெரியப்பாவின் முகம் வெளுத்தது.

"இதக் கொடுத்தா குடும்ப மானம் என்னடா ஆறது? வேலையே வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடு."

"மானத்தை வெச்சு மத்தியானத்துக்கு என்ன சமைக்கிறது பெரியப்பா?"

"நாக்கைப் பாரு! அப்படியே அவரோட..." என்று ஆரம்பித்தவர் பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். தலைமைக் குமாஸ்தா இரண்டு தடவை படித்தார்.

"இருந்தார், சரி. துரத்திட்டாங்களே? திரும்பி வந்தாருன்னு எங்க இருக்கு?"

சாயங்காலம் வரை அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டு காகித அறைக்கு ஓடினேன். தும்மல்காரக் குமாஸ்தா அடுத்த மூட்டைகளில் தலையை விட்டார். கொள்ளுத்தாத்தா என்னைக் கைவிடவில்லை. முன்பே துரத்தப்பட்ட மேற்படி ஆசாமி திரும்பி வந்து அதே தொழிலைச் செய்வதால் மறுபடியும் துரத்தும்படி இரண்டாவது உத்தரவு இருந்தது. சில வருஷம் தள்ளி, இப்போது மற்றவர்களுக்கும் பொய்ச்சாட்சி சொல்லக் கற்றுக்கொடுக்கிறான் என்று மூன்றாவது. அதில் கையெழுத்தே கோபமாக இருந்தது.

மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்த தலைமைக் குமாஸ்தா மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

"மூணு தடவை துரத்தியும் போகலையா? இவர விட மைசூர்க்காரன் யாரு ரீ இருக்கான்!"

"மூணாவது தடவை திரும்பி வந்ததுக்குக் காகிதம் இல்லீங்க."

"அதான் நீங்க வந்து நிக்கறீங்களே" என்று கையெழுத்துப் போட்டார்.

பெரியப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அப்புறம் ஒரு நாள் காலையில், கச்சேரி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என்னை வாசலில் மடக்கினார். அவருடைய இரண்டாவது மகனும் சர்க்கார் வேலைக்கு மனுப் போட்டிருந்தான்.

"ஏண்டா, அந்த மூணு காகிதத்துக்கும் இன்னொரு நகல் கிடைக்குமா?" என்றார். உள்ளே ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பெரியம்மாவுக்குத் தெரிய வேண்டாம். அவ கல்யாணத்துக்குச் சம்மதிச்சதே அந்த வாளை நம்பித்தான்."