வேரோடு வந்த முடி

மாட்டு வாலில் முடி பிடுங்குவதுதான் என் வேலை. சிரிப்பதென்றால் சிரித்துவிட்டே படியுங்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு பெங்களூரில் ஒரு லேபில் உதவியாளராகச் சேர்ந்தேன். டிஎன்ஏ சோதனைக்கு மாட்டு முடி எடுத்து வர வேண்டும். கத்தரித்த முடி உதவாது. விரலில் சுற்றி வெடுக்கென்று இழுக்க வேண்டும். அடியில் வெள்ளையாக வேர் ஒட்டிக்கொண்டு வர வேண்டும்.

ஆஸ்டின் டவுனில் பால் ஊற்றிப் பிழைக்கும் ஓர் அம்மாவின் ஒரே பசு காணாமல் போனது. சில மாதம் கழித்து அத்திபெலேயில் ஒருவருடைய கொட்டகையில் அந்த அம்மா அதைக் கண்டுபிடித்தார். கொட்டகைக்காரரோ, அது தன் வீட்டிலேயே பிறந்த மாடு என்று சாதித்தார். பசுவின் கன்று மட்டும் அந்த அம்மாவிடம் இருந்தது. இரண்டும் தாயும் பிள்ளையும்தானா என்று பார்த்துச் சொல்லச் சொல்லி போலீஸ் ஸ்டேஷனிலிருந்து எங்களுக்குக் கடிதம் வந்தது. முதலில் கன்றிடம் போனேன். அந்த அம்மா அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா புடுங்கிக்கோம்மா. அதோட அம்மாகிட்டயும் போய் நல்லா புடுங்கு. என் மாடு வந்தா போதும்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்கள் லேப் டாக்டர் சாருடன் அத்திபெலே போனேன்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா பசு முடிய புடுங்கினா வீட்டு லட்சுமி போயிடுவா சார். வேணும்னா கட் பண்ணிக்கோங்க," என்றார் கொட்டகைக்காரர்.

"சரி பிடி, கட் பண்ணிக்கலாம்," என்று சார் கத்தரிக்கோலை எடுத்தார். வேர் இல்லாவிட்டால் எல்லாம் வீண் என்று எனக்குப் பாடம் எடுத்தவரே இவர்தான். கொட்டகைக்காரர் வீட்டிலிருந்து அவருக்குக் காபியும் பிஸ்கட்டும் வந்திருந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் புடுங்கறேன் சார்," என்று கையுறையை மாட்டினேன்.

கொட்டகைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ எந்த ஊரும்மா?"

"கோலார் தங்கவயல். லைன் வீடு."

சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் எந்த ஜாதி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சாரிடம் திரும்பி, "அந்த ஜனம் எங்க மாட்ட தொட வேணாம் சார்," என்றார்.

அவர் கழுத்தில் தடித்த தங்கச் சங்கிலி தொங்கியது. என் அப்பா சுரங்கத்துக்குள் இறங்கி, இருமி இருமி வெட்டியெடுத்தது தங்கம். அதைத் தொடலாம், கழுத்தில் போட்டுக்கொள்ளலாம். நான் கையுறை போட்டுக்கொண்டுகூட ஒரு வாலைத் தொடக் கூடாதாம். இரண்டே எட்டில் பசுவிடம் போனேன். வாலைப் பிடித்து, விரலில் சுற்றி இழுத்தேன். ஒன்று, இரண்டு என்று முப்பது முடி, எல்லாம் வேரோடு. கொட்டகைக்காரர் கத்தினார். சாரும் கத்தினார். பசு ஒரு முறை காலை மாற்றி வைத்துவிட்டு வைக்கோலை மென்றுகொண்டிருந்தது. முடியைக் காகித உறையில் போட்டு ஒட்டி, மேலே எழுதிவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

திங்கட்கிழமை எனக்கு மெமோ வந்தது. மாட்டின் உரிமையாளரிடம் அனுமதி பெறாமல் மாட்டைத் தொட்டது ஏன் என்று பத்து நாளில் விளக்கம் தர வேண்டும். என் உத்தியோகம் போய்விடும் என்றே எல்லோரும் சொன்னார்கள். நான் அவசரப்படவில்லை. ஒன்பதாம் நாள் சோதனை முடிவு வந்தது: அந்தக் கன்றின் தாய் அந்தப் பசுதான்.

அன்று மாலையே விளக்கம் எழுதிக் கொடுத்தேன். "மாட்டின் உரிமையாளர் ஆஸ்டின் டவுனில் இருக்கிறார். நன்றாகப் பிடுங்கிக்கொள்ளச் சொல்லி அவர் எனக்கு முன்னாலேயே அனுமதி கொடுத்துவிட்டார்."