ஒரு வரிசையில் காணாமல் போன புள்ளிகள்

படிகத்துக்குள் அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று எக்ஸ்-கதிரால் பார்ப்பது என் தொழில்; இதைச் சொல்லி ஊரில் யாரிடமாவது பெண் கேட்டுப் பாருங்கள், என் கஷ்டம் உங்களுக்கும் தெரியும்.

உப்புக்கல்

எப்படியோ ஆவூரில் பெண் கொடுத்தார்கள். கல்யாணமான புதிதில் மனைவி சூசையம்மாள் என் வேலையைப் பற்றிக் கேட்டாள். உப்புக்கல் ஒன்றைக் கையில் வைத்து விளக்கினேன். இதற்குள் சோடியமும் குளோரினும் மாறி மாறிச் சதுரம் சதுரமாக நிற்கின்றன. எக்ஸ்-கதிரை உள்ளே விட்டால் சிதறி, பிலிமில் புள்ளிகளாக விழும். புள்ளிகளை வைத்து அணுக்களின் இடத்தைக் கணக்கிடுவோம். அதோடு நிறுத்தியிருக்கலாம். சோடியம் தனியாக இருந்தால் தண்ணீர் பட்டதும் தீப்பிடிக்கும், குளோரின் விஷவாயு என்றும் சொல்லிவைத்தேன். அவள் கல்லை வாங்கிக் கொதிக்கிற குழம்பில் போட்டாள்.

"நான் பிரிக்காமத்தான் போடுறேன், பயப்படாம சாப்பிடுங்க."

ஒடிந்த கை

புதுக்கோட்டைக் கல்லூரியில் நான் செய்முறை வகுப்பு நடத்தும் டெமான்ஸ்ட்ரேட்டர். 'எக்ஸ்ரே வாத்தியார்' என்ற பெயர் இலுப்பூர் வரை போயிருந்தது. ஒரு நாள் அங்கிருந்து ஒரு விவசாயி, தம்பியை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு நேரே என் வகுப்புக்கு வந்துவிட்டார். கிணற்று மேட்டில் விழுந்து தம்பிக்குக் கை ஒடிந்திருந்தது. நான் கல்லையும் உப்பையும்தான் பார்ப்பேன், அதுவும் லீவில் மெட்ராஸ் போய்த்தான் படம் எடுப்பேன் என்று சொல்லி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போடும்வரை கூடவே நின்றேன். புறப்படும்போது அண்ணன்காரர் என் தோளைத் தட்டினார்.

"வெசனப்படாதீங்க, இன்னும் கொஞ்சம் படிச்சீங்கன்னா எலும்பு வரைக்கும் வந்துருவீங்க."

ஒரு வருஷக் கணக்கு

ஊசி ஊசியாக வளரும் ஓர் அமிலப் படிகத்தைப் படம் எடுத்து வந்தேன். படம் எடுக்க ஒரு நாள். கணக்குப் போட ஒரு வருஷம். லாகரிதம் புத்தகம் கிழிந்ததுதான் மிச்சம், கணக்குச் சேரவில்லை. ஈஸ்டருக்குள் முடியாவிட்டால் அந்தப் படிகத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதாக, படம் எடுக்க எனக்கு இடம் கொடுத்த மெட்ராஸ் புரொபசர் எழுதிவிட்டார். அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சூசையம்மாள் பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "ஏங்க, நடு வரிசையில மட்டும் ஒண்ணு விட்டு ஒண்ணு புள்ளி காணோமே?"

பிலிம் மங்கல் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மங்கல் இல்லை. மூலக்கூறுகள் திருகாணி மரைபோல அரைச் சுற்றுத் திரும்பித் திரும்பி ஏறி நின்றால், சில கதிர்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அந்தப் புள்ளிகள் விழவே விழாது. கணக்கை முதலிலிருந்து போட்டேன். பெரிய வெள்ளிக்கு முன் சேர்ந்துவிட்டது. விழாத புள்ளிகள்தான் வழி காட்டின என்று ஓடிப்போய் அவளிடம் சொன்னேன்.

"இல்லாததப் பாக்கத்தான் ஒரு வருசமா குனிஞ்சு கெடந்தீங்களா?"

கட்டுரை

கட்டுரை அச்சாகி வந்தது. தலைப்புக்குக் கீழே இருந்த பெயர்களை விரல் வைத்துக் காட்டினேன்: புரொபசர் பெயர், அடுத்தது என் பெயர். அவள் விரல் அந்த வரியில் மெதுவாகப் போய் முடிவில் நின்றது.

"இங்கிட்டும் ஒண்ணு காணோமே."

படிகத்துக்குள் எந்த அணு எங்கே நிற்கிறது என்று துல்லியமாகச் சொல்லிவிடும் எங்கள் தொழிலில், இதற்கு நான் எங்கே போய் நிற்பது என்று மட்டும் எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.