எதிர்க்கட்சிக்கும் நாலு மீன்

பசிபிக் கடல் நடுவே, டோக்கெலாவில் எங்கள் பவளத்தீவில் மலை கிடையாது, ஆறு கிடையாது, விமானம் இறங்க இடமும் கிடையாது. எதிர்க்கட்சி மட்டும் உண்டு. அவர் பெயர் செமிசி, வேலை வானிலை கணிப்பது. திங்களன்று ஊர்ச்சபையில், "ஒரு படகுத்துறை கட்டத் துப்பில்ல, நீங்கல்லாம் பெரிய மனுஷங்களா?" என்று கேட்டுவிட்டார்.

புதனன்று படகுகள் சூரை மீனோடு திரும்பின. ஊர் மீனைத் தலைக்கு ஒன்றாகப் பங்கிடுவது எங்கள் வழக்கம். அன்று காலையில்தான் செமிசியின் மனைவிக்குப் பிரசவம். வீட்டில் வெறும் அரிசிதான் இருந்தது. ஆனாலும் திங்களன்று பேசிய பேச்சுக்குச் சபை தன் பங்கை வெட்டியிருக்கும் என்று பயந்து, செமிசி கூடை எடுத்துப் போகவில்லை.

பங்கு பிரிக்கும் லெபாயோ மீனோடு வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏன்யா, வாய்தான் வேலை செய்யுமா? கை கூடையைத் தூக்காதா?"

"என் பங்கை நிறுத்தலையா?"

"திட்டுறவனுக்கெல்லாம் மீனை நிறுத்தினா, இந்த ஊர்ல எவன்யா சாப்பிடுவான்?"

செமிசி எண்ணிப் பார்த்தார். "மாமியாரோட சேர்த்து நாங்க மூணு பேர்தானே? நாலு இருக்கே!"

"காலைல பொறந்தவளை நாங்க எண்ணிட்டோம். நீ எண்ணல. அப்பனாம் அப்பன்!"

ஆறு மணி நேரக் குடிமகளின் பங்கை இரு கைகளாலும் வாங்கிக்கொண்ட செமிசி, அன்று முழுக்க அரசாங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. படகுத்துறை விஷயத்தை வியாழக்கிழமைதான் மறுபடி எடுத்தார்.