படத்தில் இல்லாத பொட்டு

கரவெட்டிப் பக்கம் புதிய பள்ளிக்கூடம் ஒன்றுக்கு வரைபடம் வரையும் வேலை என்னிடம் வந்தது. அங்கே படிக்கப் போகிற பிள்ளைகளையும் கேட்டுச் செய்யும்படி அலுவலகத்தில் சொன்னார்கள். பிள்ளைகள் அப்போது அதே காணியில் ஒரு தகரக் கொட்டகையில் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் படத்தைத் தரையில் விரித்து, மூலைகளில் கல் வைத்து, "வீட்டிலையிருந்து வகுப்புக்கு வாற வழியை விரலாலை காட்டுங்கோ" என்றேன்.

எல்லா விரலும் பிரதான வீதியில் தொடங்கும் என்று நினைத்திருந்தேன். வாசலை அங்கேதான் வைத்திருந்தேன். முன்பல் விழுந்த ஒரு சிறுமி, படத்தின் பின்பக்கத்தில் விரலை வைத்து மதிலுக்குள்ளால் நேரே இழுத்துக்கொண்டு போனாள்.

"அதிலை மதில் வரப்போகுதம்மா."

"அப்ப பொட்டு எங்கை, ரீச்சர்?"

"மதிலிலை பொட்டு வைப்பினமோ? இவள் சுவருக்குள்ளாலையும் பூருவாள்" என்றான் பின்னால் இருந்தவன்.

"நீயும் பொட்டாலைதானே வாறனி."

நான் எழுந்து பின்பக்கம் போய்ப் பார்த்தேன்.

பள்ளிக் காணிக்குப் பின்னால் வேறொருவருடைய வளவு; அதன் வேலியில் ஒருவர் குனிந்து நுழையுமளவு இடைவெளி விட்டிருந்தது. அந்தப் பொட்டால்தான் அரைவாசிப் பிள்ளைகள் வந்துபோனார்கள். மறுநாள் காலை பள்ளி நேரத்தில் வீதியால் நடந்து பார்த்தேன். ஓரமென்று ஒன்று இல்லை. மணல் ஏற்றிய ரிப்பர் லொறி ஒன்று கடந்தபோது வாய்க்காலுக்குள் ஒரு கால் வைத்துத்தான் நின்றேன். மதிலை நான் வரைந்தபடி கட்டினால் அத்தனை பிள்ளைகளும் இந்த வழியால்தான் வரவேண்டும்.

பின்பக்கம் பிள்ளைகள் நுழையச் சிறிய படலை ஒன்று வைக்கலாமா என்று அதிபரிடம் கேட்டேன். "வையுங்கோ மிஸ். ஆனா வளவுக்காரரைக் கேட்டுப்போட்டு வையுங்கோ. பிறகு வழக்கெண்டு கோட்டுப் படி ஏற என்னாலை ஏலாது" என்றார்.

படலையையும் அதற்கு வரும் வழியையும் பென்சிலால் குறித்துக்கொண்டு போனேன். வளவுக்காரர் வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கினார்.

"இதென்ன பிள்ளை, புள்ளி புள்ளியாய்?"

"பிள்ளையள் வாற வழி, ஐயா."

"ஆரின்ரை காணிக்குள்ளாலை?"

"உங்கடை."

"அதுகள் வரட்டும். நான் ஒரு நாளும் மறிச்சதில்லை. ஆனா உதைப் படத்திலை கீறினால் நாளைக்குப் பாதை எண்டு சொல்லுவினம். பிறகு என்ரை வளவு ரெண்டாப் போகும். கீறினியள் எண்டால் நான் இண்டைக்கே பொட்டை அடைச்சுப்போடுவன்."

கோபமாகச் சொல்லவில்லை. படத்தை மடித்துத் தந்துவிட்டு மண்வெட்டியை எடுத்தார். கோபப்பட்டிருந்தால் சமாதானம் பேசியிருப்பேன்.

புள்ளிகளையும் படலையையும் அழித்தேன். ஆனால் படத்தில் மதில் இருந்தால் மேசன் மதிலைத்தான் கட்டுவார். ஆகவே மூன்று பக்கம் மதில், பின்பக்கம் பச்சைத் தடிகள் நட்ட கதியால் வேலி என்று மாற்றினேன். "ஏன் இதிலை மட்டும் வேலி?" என்று பொறியியலாளர் கேட்டார். பிள்ளைகளின் வழியைச் சொன்னேன், வளவுக்காரர் சொன்னதையும் சொன்னேன். "அப்ப வேலியெண்டு மட்டும் இருக்கட்டும்" என்று கையெழுத்து வைத்தார். ஒரு கதவின் அகலத்தைக்கூடக் குறிக்காமல் விட்டுப் பழகாதவள் நான். பிள்ளைகள் கேட்ட ஒரே விடயம் படத்தில் எங்கும் இல்லை.

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. கதியால்கள் தழைத்துவிட்டன. எங்கள் வேலியிலும் யாரோ ஒரு பொட்டு விட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் வேலை வந்தால் முதலில் அதைத்தான் போய்ப் பார்ப்பேன். போன கிழமை பின்வளவில் சீமெந்துக் கல் லொறியிலிருந்து பறித்துக் குவித்திருந்தது. அந்தச் சிறுமி, இப்போது பல் முளைத்துவிட்டது, குவியலில் ஏறி இறங்கி, பையை முதலில் தள்ளிவிட்டுப் பொட்டால் பூர்ந்து வந்தாள்.

வளவுக்காரரிடம் கல் எதற்கென்று கேட்டேன். "மாட்டுக் கொட்டிலுக்கு" என்றார்.

குவியலைக் கண்ணால் அளந்தேன். கொட்டிலுக்குச் சரியாக இருக்கும். அந்தப் பக்கம் மதில் எழுப்பவும் போதும்.