கரையாத மக்ளே

போன மாதம் சென்னையில் ஒரு விழாவில் என்னை ‘மண்ணின் குரல்’ என்று அறிமுகப்படுத்திப் பொன்னாடை போர்த்தினார்கள். குமரி மாவட்டத்துப் பேச்சை வாசம் மாறாமல் திரைக்குக் கொண்டுவந்த இயக்குநராம் நான். கைகூப்பிச் சிரித்துக்கொண்டு நின்றேன். தன் நெஞ்சு அறியாத பொய் உண்டா? விழா முடிந்ததும் பொன்னாடையைக் கார் டிரைவரிடம் கொடுத்துவிட்டேன்.

என் முதல் படத்தால் வந்த பெயர் அது. குலசேகரத்துக்குப் பக்கத்தில், என் அப்பா கூலிக்கு ரப்பர் வெட்டிய தோட்டத்திலேயே எடுத்தது. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, விடியுமுன் பால் வெட்டப் போனவரைப் பாம்பு கடித்துவிட்டது. முற்றத்தில் அவரைக் கிடத்தியிருந்தபோது அக்கா தரையில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். அம்மா அவளை இழுத்து, முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, “கரையாத மக்ளே, கரையாத” என்றாள். எங்கள் பக்கத்தில் அழுவதைக் கரைவது என்போம். அன்று பகல் முழுக்க அம்மா வாயிலிருந்து வேறு சொல் வரவில்லை. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் படத்தையே எழுதினேன்.

படத்தில் அந்த ஒரு காட்சிக்கு மட்டும் வந்து அதைச் சொல்ல வேண்டிய நடிகை, படப்பிடிப்பன்று பார்த்து வரவில்லை. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. வேடிக்கை பார்க்க வந்த அம்மாவைப் பிடித்து நிறுத்தினேன். ஒரே டேக். உதவி இயக்குநராக எத்தனையோ பேர் நடிப்பைப் பார்த்தவன், மானிட்டருக்குப் பின்னால் நின்று அழுதேன்.

எங்கள் படங்களில் படப்பிடிப்பில் பதிவாகும் சத்தம் அடையாளத்துக்குத்தான். பிறகு ஸ்டுடியோவில் திரையைப் பார்த்துத் திரும்பப் பேச வேண்டும். “நீயே சென்னைக்கு வந்து பேசணும்” என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அவள் புதுச் சேலை எடுத்தாள்.

“சத்தம் மட்டும்தாம்மா பிடிப்பாவ. ஆளு தெரியாது.”

“தெரியாட்டா என்ன? பேசுதது நாந்தானே?”

படத்தை வாங்க வந்த விநியோகஸ்தருக்கு, டப்பிங்குக்கு முன்பே தோட்டத்தில் பதிவான சத்தத்தோடு போட்டுக் காட்டினோம். அம்மாவின் காட்சி வந்ததும், “கரையாதன்னா? அந்தப் பொண்ணு என்ன சோப்பா?” என்றார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். நானும் சிரித்தேன், மற்றவர்களைவிடச் சத்தமாக.

மலையாளப் படம் என்று நினைத்து ஜனம் வராது, எல்லாருக்கும் புரிகிற மாதிரி மாற்றிவிடலாம் என்றார் தயாரிப்பாளர். கையிலிருந்த டீ ஆறுவதற்குள் தலையாட்டிவிட்டேன். அம்மாவுக்குப் போன் செய்து, வர வேண்டாம், நேரமில்லை என்றேன். “செரி மக்கா” என்றாள்.

டப்பிங் பேசிய அம்மையார் கெட்டிக்காரர். அம்மாவின் வாயசைவுக்கு இம்மி பிசகாமல் “அழாதம்மா, அழாத” என்று பொருத்திவிட்டார். அவர்மேல் என்ன குற்றம்? கறிவேப்பிலை மாதிரி அங்கங்கே ‘மக்கா’, ‘ஏலே’ மட்டும் மிதக்க விட்டோம். அதைத்தான் மண்வாசனை என்று பத்திரிகைகள் எழுதின.

மார்த்தாண்டத்தில் படம் வெளியான அன்று அம்மா திருச்சபையின் பெண்கள் கூட்டத்தையே திரட்டிக்கொண்டு வந்தாள். அந்தச் சேலையைத்தான் உடுத்தியிருந்தாள். பக்கத்தில் அக்கா. பின்வரிசையில் நான். எனக்கு மட்டும் என்ன வரப்போகிறது என்று தெரியும். முன்கூட்டிச் சொல்லத் துப்பில்லை. காட்சி வந்தது. திரையில் அம்மாவின் வாய் அசைந்தது, யாரோ பேசினார்கள்.

“ஏட்டி, இது ஒனக்க சத்தம் இல்லியே?” என்றாள் ஒருத்தி.

அம்மா திரையைப் பார்த்தபடியே பதில் சொன்னாள். “அண்ணைக்கு எனக்குத் தொண்ட கெட்டுக் கெடந்து. அதான் வேற ஆளு பேசிச்சு.”

திரும்பி என்னைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வியாபாரம், விநியோகம் என்று ஏதாவது நியாயம் பேசியிருப்பேன். அவள் நாக்கை நான் விற்றேன். அவள் என் மானத்தைக் காப்பாற்றினாள்.

அதன் பிறகு நான்கு படங்கள் எடுத்தேன். நாலும் சென்னைக் கதை. வாயும் மாறிவிட்டது. ஊருக்குப் போன் செய்து “சாப்டியாம்மா?” என்றால், “ஆரு?” என்பாள் அம்மா. கேலி செய்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். தோட்டத்தில் பதிவான அவளுடைய அசல் சத்தத்தை ஒருமுறை தேடினேன். அது இருந்த டிஸ்கை அழித்து வேறு படத்துக்குப் பயன்படுத்திவிட்டார்கள். எடுத்து வையுங்கள் என்று நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

போன வருடம் அம்மா இறந்தாள். போதகர் ஜெபம் முடித்துப் பெட்டியை மூடப் போகும்போது அக்கா அதன்மேல் விழுந்து அலறினாள். பெண்கள் பிடித்து இழுத்தும் வரவில்லை. நான் போய் அவளைத் தூக்கி, முகத்தை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்தேன். அந்தச் சொல்லைச் சொல்ல இதைவிட எனக்கு வேறு வேளை வரப்போவதில்லை. வாயைத் திறந்தேன்.

“அழாதம்மா, அழாத.”

அக்காவை நான் ஒருநாளும் அம்மா என்று கூப்பிட்டதில்லை.

அவள் அழுகை சட்டென்று நின்றது. முகத்தை விலக்கி, என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏலே,” என்றாள், “ஒனக்கும் தொண்ட கெட்டுப் போச்சா?”