பனி என்று விட்டுவிட்ட மூச்சு

அப்புத்தளைக்குக் கீழே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்து அறையில் உட்கார்ந்து திமிங்கிலம் பார்ப்பதுதான் என் வேலை என்றபோது தோட்டத்தில் ஒருவரும் நம்பவில்லை. எங்கோ ஒரு நாட்டுக் கடலில் எரிவாயு எடுக்கும் மேடை ஒன்று இருக்கிறது. அதன் பக்கத்தில் இன்னொரு மேடை கட்டுவதற்காகக் கடலடியில் இரும்புத் தூண்களை அறைந்துகொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் திமிங்கிலங்களின் காதைக் கெடுத்துவிடும். அதனால் மேடையிலுள்ள கமெராக்கள் அனுப்பும் படத்தை நான் கணினியில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்று கிட்டே வந்தால் திரையில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும், அங்கே சம்மட்டி நின்றுவிடும். விலங்கியல் படித்தவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? உயிரோடு ஒரு திமிங்கிலத்தையும் பார்த்ததில்லை என்பதை மட்டும் நேர்முகத் தேர்வில் நான் வாய் திறந்து சொல்லவில்லை.

தகுதிகாண் காலம் மூன்று மாதம். முதல் மாதமே சொதப்பினேன். தூரத்தில் தண்ணீருக்கு மேல் என்னவோ வெள்ளையாக எழும்பியது. எங்கள் மலையில் பிறந்தவளுக்கு வெள்ளையாக எது எழும்பினாலும் அது பனிதான். பள்ளத்திலிருந்து ஏறி வந்து, கொடியில் காயும் துணியை நனைத்துவிட்டுப் போகும் பனியைப் பார்த்துப் பழகிய கண், கடலிலும் அதைப் பனி என்றே விட்டுவிட்டது. அது திமிங்கிலம் விட்ட மூச்சு. நல்லவேளை, மேடையில் இருந்த ஒருவர் கண்டு வேலையை நிறுத்திவிட்டார். கொழும்பிலிருந்த என் மேலதிகாரி கோபப்படாமல் பேசினார். இன்னொரு தடவை விட்டால் வேலை இல்லை என்பதையும் கோபப்படாமலே சொன்னார்.

அதற்குப் பிறகு வாசலில் நின்று பனியைப் படிக்க ஆரம்பித்தேன். பனி சரிவில் ஊர்ந்து ஏறும், பரவும், கலையச் சோம்பல்படும். மூச்சு நேராக எழும்பி, எழும்பிய இடத்திலேயே கரையும். நான் பனியை முறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மூன்றாம் மாதம் கடைசி வாரம், ஒரு மத்தியானம். ஒரே ஒரு வெள்ளை, ஒரே ஒரு தடவை, நேராக எழும்பிக் கரைந்தது. என் கை பொத்தானுக்குக் கிட்டே போய் நின்றுவிட்டது. பொய்யாகிவிட்டால் அங்கே அத்தனை பேரும் சும்மா நிற்பார்கள், நான் கோமாளியாவேன். அப்போது தேயிலை மலையில் குளவி கலையும் நேரம் நினைவுக்கு வந்தது. யாராவது ஒருத்தி குளவி என்று கத்தினால் போதும், எல்லாரும் கூடையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். எங்கே கண்டாய், எத்தனை கண்டாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. அழுத்திவிட்டேன்.

சம்மட்டி நின்றது. கடலில் ஒன்றுமில்லை. நிச்சயமா என்று மேலதிகாரி ஹெட்போனில் என் காதுக்குள் கேட்டார். நிச்சயம் என்றேன். சாப்பிட வந்த அம்மா, கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டிய ஈரப் படங்குச் சாக்கோடு என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

அப்புறம் எழும்பியது. கருத்த முதுகு ஒன்று, முடியாமல் நீண்டுகொண்டே போனது. அதை ஒட்டிச் சின்ன முதுகு ஒன்று. தாயும் குட்டியும், தூணுக்கு அவ்வளவு கிட்டே. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். மேலதிகாரி முதல் தடவையாகச் சிரித்தார். வேலை நிரந்தரம் என்று அன்றைக்கே எழுதி அனுப்புவதாகச் சொன்னார்.

நான் பதிவை எழுதத் தொடங்கியதும், என்ன எழுதுகிறாய் என்று அம்மா கேட்டாள். வேலைக்கு வந்தவர்களைக் கணக்கெடுக்கும் பெரட்டில் ஆட்களைப் பதிகிற மாதிரி, வந்த விலங்குகளைப் பதிய வேண்டும் என்றேன். அம்மா கல்யாணத்துக்கு முன்பிருந்தே காலைப் பெரட்டில் நின்றவள். கொழுந்து குறைந்த நாட்களில் அரைநாள் சம்பளம்தான் என்று தனக்கு அரைப் பேர் போட்டதை இன்னும் மறக்காதவள்.

"குட்டிக்கு அரைப் பேரு போட்டுறாத," என்றாள். "அதுவும் ஆத்தாளோட சேந்துதானே வந்திருக்கு."

"இல்லம்மா. ரெண்டுக்கும் முழுப் பேரு."

அம்மா திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு, சுணங்கித்தான் மலைக்குப் போனாள். சுணங்கியதற்குக் கங்காணியிடம் என்ன காரணம் சொன்னாளோ தெரியாது. சாயங்காலம் பதிவான படத்தில் குட்டியைப் பார்க்க எங்கள் வாசலில் லயமே திரண்டு நின்றது. முன்னால் கங்காணி நின்றார்.