காத்தாயியின் இடது கட்டைவிரல்

காத்தாயி இடது கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். முதலில் புளி, பிறகு அடுப்புச் சாம்பல், கடைசியில் துணி துவைக்கிற கல். தேயிலைக் கொழுந்துக் கறை லேசில் போகிறதா? கண்டிச் சீமையில் ஏறியது, மஞ்சூர் எஸ்டேட்டில் இன்னும் தடித்துவிட்டது. இரண்டு கையாலும் அவள் கிள்ளுகிற வேகத்துக்கு இளவட்டங்களே நிரையில் பின்தங்கிவிடுவார்கள். காலையில் கிள்ளுகிற முதல் கொழுந்து மட்டும் கூடைக்குப் போகாது. "இது ஆத்தாளுக்கு" என்று செடியடியில் வைத்துவிடுவாள்.

புருஷன், பிள்ளை இல்லாதவள். இலங்கையை விட்டுத் தலைமன்னாரில் கப்பல் ஏறியபோது கூட வந்த அன்னக்கிளி, மண்டபம் முகாமில் புருஷனைப் பறிகொடுத்தாள். அன்றிலிருந்து இருவருக்கும் ஒரே அடுப்பு. காத்தாயி தன் மூன்று சென்ட் இடத்தையும் தகரக் கூரை வீட்டையும் அன்னக்கிளிக்கே உயில் எழுதி வைத்தாள்.

போன ஆடியில் காத்தாயி குளிர்காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். அன்னக்கிளி வேலைக்குப் போன நேரம் பார்த்து அண்ணன் மகன் தங்கவேலு வந்தான். கையில் ஆரஞ்சுப் பழம், பின்னால் இரண்டு ஆள். "லீவு பேப்பர் அத்தை" என்று சொல்லி, அவள் விரலைப் பிடித்து மையில் தோய்த்து அமுக்கினான். அது உயிலை ரத்து செய்கிற பத்திரம்! காய்ச்சல்காரியை ஏமாற்ற வந்தவனுக்குப் பழம் வாங்க எப்படித்தான் மனசு வந்ததோ!

விஷயம் தெரிந்ததும் காத்தாயி அவன் வீட்டுக்கே போனாள். அவன் எடுத்துக் காட்டிய பத்திரத்தைப் பிடுங்கி, எரிகிற அடுப்பில் போட்டாள். அவன் சிரித்தான்.

"எரி அத்தை. நகல் வெச்சிருக்கேன். அவ என்ன, நம்ம ரத்தமா?"

"ரத்தத்தப் பத்தி நீ பேசுறியா? அட்டை கால்லதான்டா ஏறும். நீ கையில ஏறுனவன்!"

எரித்ததோடு பழைய உயில் செல்லுபடியாகிவிட்டது என்றுதான் நினைத்தாள். ஊட்டியில் பத்திரம் எழுதுகிற சுப்பண்ணனோ அப்படி இல்லை என்று தலையாட்டினார்.

"ஏனுங்கம்மா, ரத்துப் பத்திரத்த எரிச்சா பழைய உயிலு தானா எந்திரிச்சு வராதுங்க. அந்த உயிலே செல்லும்னு மறுபடி எழுதி, ரெண்டு சாட்சி முன்னால ரேகை வெக்கோணுங்க."

"ஏமாத்துனான்னு சொன்னா?"

"கோர்ட்டுல நிரூபிக்கலாமுங்க. தீர்ப்பு வர்ற வரைக்கும் நீங்க இருக்கோணுமே."

"நல்லா இருக்கு நாயம்! திருடுனவன் படுக்கையிலயே அமுக்கிட்டுப் போவான். குடுத்தவ மறுபடி மலை ஏறி எறங்கணுமா?"

"விடுங்கக்கா, எனக்கு வீடே வேணாம்" என்றாள் உடன் வந்திருந்த அன்னக்கிளி.

"நீ சும்மா இரு. நான் சொன்ன சொல்லு எனக்கு வேணும்."

அதற்காகத்தான் இந்தத் தேய்ப்பு. நாளைக்கு ரேகை துலக்கமாக விழவேண்டும்.

மறுநாள் பத்திர ஆபீசில் சாட்சிகளாக இசக்கிமுத்துவும் மூக்கம்மாவும் நின்றார்கள், இருவரும் எஸ்டேட் ஆட்கள். குமாஸ்தா மைப்பெட்டியை நகர்த்தி, வழக்கம்போல அவள் விரலைப் பிடிக்கக் கை நீட்டினார். கண்டியில் பாஸ்போர்ட்டுக்கு, தலைமன்னாரில் கப்பலுக்கு, மண்டபத்தில் அரிசிக்கு என்று எத்தனை பேர் பிடித்து அமுக்கிய விரல் அது!

காத்தாயி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"தொடாதீங்க தொரை. மொதல்ல படிங்க."

அவர் படிக்கப் படிக்க, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடித்துப் பொத்தி வைத்திருந்தாள். அன்னக்கிளியின் பெயர் வந்ததும் கையை விரித்தாள். தானே மையில் ஒற்றினாள், தானே தாளில் ஊன்றினாள்.